அப்பாவுக்கு நான் எடுத்த டியூஷன்

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரியின் மாமனாருக்குப் பைபாஸ் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னிடம் கேட்டாள். "மாலா, ஆப்பரேசனுக்கு அப்புறம் ஆளுங்களுக்கு மறதி வந்துருமாமே. உங்க அப்பாவுக்கு எப்படி?"

மறதி வந்தது என்று சொல்ல முடியாது. வரவில்லை என்றும் சொல்ல முடியாது. அதைச் சரியாகச் சொல்ல முடியாமல் போனதற்கு நானே ஒரு காரணம். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுகிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுத உட்கார்ந்த பிறகு இன்னொன்றும் தெரிகிறது. ஒன்றரை வருடம் கழித்து அந்த மருத்துவமனை நாட்களை நினைத்தால் முதலில் பயம் வருவதில்லை. ஏதோ பள்ளி விடுமுறையை நினைப்பதுபோல் மனம் அங்கே போகிறது. கேன்டீனின் இனிப்புக் கூடிய தேநீர், வார்டு ஜன்னலிலிருந்து தெரியும் கார் நிறுத்தம், அப்பா என்னுடன் பேசிக்கொண்டிருந்த நீண்ட மதியங்கள். அப்படி நினைக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்பா முப்பது வருடம் ஜொகூரின் பாசிர் கூடாங் துறைமுகப் பகுதியில் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் எங்கள் மாசாய் வீட்டில் அவருக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. நான் செனாயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கிறேன். என் கணவர் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்பே பாலத்தைக் கடந்துவிடுவார். எங்கள் மகள் நிலாவைக் காலையில் பாலர் பள்ளியில் விட்டு, மதியம் காரில் அழைத்து வருவது அப்பா. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்பா ஒருநாள் படுத்துவிட்டால் எங்கள் மூன்று பேருடைய நாளும் படுத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காரைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது என்றார். ஜொகூர் பாரு மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழலை இதயம் வரை செலுத்தி, சாயம் ஏற்றிப் படம் பிடிப்பார்கள். மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு. பைபாஸ்தான் வழி என்றார் டாக்டர். அடைப்பை எடுப்பதில்லை, காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறு பாதை போடுவது. நான் கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா தலையை ஆட்டினார்.

"மெயின் ரோடு ஜாம். உள் ரோட்டுல போகப் போறோம். அவ்வளவுதானே டாக்டர்?"

அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு, பரிசோதனைகளுக்குப் போயிருந்தபோது கலா வந்தாள். ஆராய்ச்சிப் பிரிவில் வேலை செய்யும் தாதி. கையில் ஒரு கோப்பு, கழுத்தில் அட்டை. மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, அங்கிள் சேர விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் ஒன்றுமில்லை என்றாள். பக்கத்தில் மயக்க மருந்து நிபுணர் நின்றார், இளம் மலாய் டாக்டர். அவர் மலாயில் நிதானமாக விளக்கினார். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குச் சில நாட்கள் மனம் குழம்பிப் போகும். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அது பெரும்பாலும் தெளிந்துவிடும். வேறு சிலருக்கு ஞாபகமும் கவனமும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மந்தமாக இருக்கும். அதற்குக் காரணம் மயக்க மருந்தா, இதயத்தை நிறுத்திவிட்டு ரத்தத்தைச் சுற்றவைக்கும் இயந்திரமா, வயதா, முன்பே மூளையின் ரத்தக்குழாய்களில் இருந்த கோளாறா என்று இன்னும் முடிவாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆராய்ச்சி. சீட்டு எடுப்பதுபோல் பிரித்து, பாதிப் பேருக்கு மூச்சு வழியாகவும் பாதிப் பேருக்கு ரத்தக்குழாய் வழியாகவும் மயக்கம் கொடுப்பார்கள். இரண்டும் வழக்கமாகக் கொடுப்பதுதான். அறுவைக்கு முன்பு ஒரு ஞாபகச் சோதனை, பின்பு ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று.

இந்த இடத்தில்தான் பாலர் பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நிலாவுக்குக் காய்ச்சல். நான் போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனேன். அம்மாவைப் போகச் சொல்லி, பக்கத்து வீட்டு அக்காவை அழைத்து, எல்லாம் முடித்துத் திரும்பியபோது அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார். சோதனை தொடங்கும் நேரம்.

கலா பன்னிரண்டு சொற்களை நிதானமாக வாசித்தாள். குடை, நாற்காலி, எலுமிச்சை, மணி, பாலம், சட்டை, முயல், கத்தரிக்கோல், மேளம், ஜன்னல், சர்க்கரை, கப்பல். ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொன்னாள். அப்பா நான்கு சொன்னார். ஐந்தாவதாக, இல்லாத ஒரு பூனையைச் சொன்னார். அதற்குள் இதய ஸ்கேன் அறையிலிருந்து அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். கலா கோப்பை மூடினாள். நாளைக்கு அட்மிட் ஆனதும் இதையே முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள்.

நான்கு. பன்னிரண்டுக்கு நான்கு. இவ்வளவு குறைந்தால், ஏற்கெனவே மூளை பலவீனமாக இருக்கிறது, மயக்க மருந்து தாங்காது என்று அறுவையை நிறுத்திவிடுவார்களோ? யாரிடமாவது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து, கார் நிறுத்தச் சீட்டின் பின்பக்கத்தில் பன்னிரண்டு சொற்களையும் எழுதினேன். பள்ளியில் நான் நன்றாகப் படித்த பெண். கேட்டது மறக்காது.

அன்று மாலை அப்பாவைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தேன். நாளைக்கு இதேதான் கேட்பார்கள், மனப்பாடம் செய்துவிடுங்கள் என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அந்த மேசை எதற்குப் பழகியது என்று சொல்ல வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதில், ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வுக்கு அப்பாதான் இதே மேசையில் என்னைத் தயார் செய்தார். அவர் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை. ஆனால் யாரிடமோ கேட்டு, அலைந்து, கடந்த ஆண்டுகளின் தேர்வுத்தாள்களை ஒரு கட்டாக வாங்கி வருவார். இரவு ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் என் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். விடை சரியா என்று அவருக்குத் தெரியாது. பின்பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்வார். எங்கள் ஆட்கள் வீட்டில் தேர்வென்றால் அப்படித்தான். முன்கூட்டியே கேள்வித்தாள் எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் யோசிப்போம். அன்று மாலை எனக்கு அது தப்பாகவே படவில்லை.

முதலில் அப்பா திணறினார். ஏழுக்கு மேல் போகவில்லை. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தன் பழைய பஸ் பாதையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சொல்லை ஏற்றினார். பழைய கடைத்தெருவில் குடை. சீனர் கோயில் முன்னால் நாற்காலி. பெட்ரோல் நிலையத்தில் எலுமிச்சை. டிராபிக் லைட் அருகே முயல். கடைசியில் துறைமுக வாசலில் கப்பல், அது சுலபம் என்றார். கண்ணை மூடிக்கொண்டு, கைகளை ஸ்டியரிங் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு, மாசாயிலிருந்து துறைமுகம் வரை ஓட்டினார். பன்னிரண்டும் வந்தன. நான் கை தட்டினேன்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அறுபத்து நாலு வயசுல யூபிஎஸ்ஆர் எழுதப் போறாராக்கும். அப்பவாச்சும் ஒழுங்கா எழுதியிருந்தா இப்ப பேரப்பிள்ளையத் தூக்கிட்டு அலைய வேண்டாம்."

"நீ கூட வந்து உக்காரு. உனக்கும் ஒரு சீட் போடறேன்," என்றார் அப்பா.

நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள் என்பதை நாங்கள் அந்த ஒரு மணி நேரம் மறந்திருந்தோம்.

மறுநாள் வார்டில் கலா கேட்டதும் அப்பா பன்னிரண்டையும் வரிசையாகச் சொன்னார். கலா நிமிர்ந்து பார்த்து, "அங்கிள், எங்க பட்டியல்ல நீங்கதான் ஃபர்ஸ்ட்," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

அறுவை ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்தது. காத்திருப்பு அறையில் அம்மாவும் நானும் ஒரே ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தோம், இருவரும் சாப்பிடவில்லை. என் கணவர் விடுப்பு எடுத்து வந்து, பேசத் தெரியாமல், எங்கள் இருவரின் போன்களையும் மாற்றி மாற்றி சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அன்பு எப்போதும் அப்படித்தான் வரும். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னபோது அம்மா அந்த ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தார்.

இரண்டாம் நாள் மதியம் பார்வை நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். மூச்சுக் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கைகளை முன்னால் நீட்டி எதையோ பிடித்திருந்தார். படுக்கைக்கு மேலே இருந்த கருவி பீப் என்றது. உடனே அவர், "பெல் அடிக்கிறாங்க. இறங்கறவங்க இறங்குங்க," என்றார்.

தாதி என் தோளைத் தொட்டு, இது அறுவைக்குப் பிறகு வருவதுதான், டெலிரியம் என்பார்கள், தெளிந்துவிடும் என்றார். நானும் படித்திருந்தேன். தயாராகத்தான் இருந்தேன். அப்போது அப்பா தலையைத் திருப்பி, கவலையோடு சொன்னார்.

"மொயல இன்னும் ஏத்தலை. டைம் ஆச்சு. அது இல்லாம எப்படிக் கெளம்பறது?"

தாதி சிரித்தார், பாசமாகத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முயலை அங்கே நிறுத்தி வைத்தது நான். அவருடைய சொந்தப் பாதையில், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பாதையில், நான் கண்டதையும் ஏற்றிவிட்டேன். இப்போது அவர் அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். அறிவியலில் அப்படியெல்லாம் இல்லை என்று இப்போது தெரியும். அன்று, அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்படித்தான் நம்பினேன்.

இரண்டு நாளில் தெளிந்தார். வார்டுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு வந்த மதியங்களைத்தான் நான் இப்போது தேடுகிறேன். நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொண்டு மெதுவாக இருமுவார். இருமி முடித்ததும் ஏதாவது பழைய கதை சொல்வார். ஷிப்டுக்குத் தாமதமான பெண்ணுக்காக பஸ்ஸைப் பழுதானதுபோல் நிறுத்தி வைத்தது, மழையில் ஐம்பது பேரோடு வெள்ளத்தில் நின்றது. என் வீட்டிலேயே இருந்தும் பல வருடமாக அவரோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

ஆறாம் நாள் கலா இரண்டாவது சோதனையை நடத்தினாள். வேறு பன்னிரண்டு சொற்கள். அப்பா ஐந்து சொன்னார். நடுவில் பழைய முயலையும் கப்பலையும் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னபோது முட்களை வெகு நேரம் யோசித்து வைத்தார்.

அன்று மாலை வார்டு டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். பன்னிரண்டிலிருந்து ஐந்துக்கு வந்திருக்கிறது, இது பெரிய இறக்கம், சிறிய பக்கவாதம் ஏதும் நடந்திருக்கிறதா என்று பார்க்க நாளைக்கு மூளை ஸ்கேன் எடுக்கலாம் என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். உண்மையில் இறங்கியதா? பன்னிரண்டு அவருடையது இல்லை, என்னுடையது. அவருடையது நான்கு. அப்படியானால் ஐந்து என்பது ஏற்றம்தானே. ஆனால் அந்த நான்கு, பயத்தில், காலையிலிருந்து சாப்பிடாமல் சொன்ன நான்கு. அதுவும் அவருடையதா? சொல்லிவிட்டால் ஸ்கேன் வேண்டாம் என்பார்களோ. உண்மையாகவே ஏதாவது இருந்துவிட்டால்? சொல்லாவிட்டால், இல்லாத ஓர் இறக்கத்தை நம்பி அப்பாவுக்கு மருந்து கொடுப்பார்களோ? எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்பு செய்கிறவள் நான்தான்.

கலா வீட்டுக்குக் கிளம்பும் நேரம். லிப்ட் அருகே பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். கார் நிறுத்தச் சீட்டு வரை. அவள் தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"அதான் ஐசியூல மொயல் மொயல்னு கேட்டாரா," என்றாள். பிறகு, "மார்க் குறைஞ்சா ஆப்பரேசன் நிக்கும்னு யாரு சொன்னாக்கா?"

"யாரும் சொல்லலை. நானா நெனச்சுக்கிட்டேன்."

"இது பரீட்சை இல்லக்கா. அவரு எங்கருந்து கெளம்பினாருன்னு தெரிஞ்சாத்தான், எங்க வந்து நிக்கிறாருன்னு சொல்ல முடியும். இப்ப எங்களுக்கு அவரு கெளம்பின எடம் தெரியாது."

"அந்த நாலு?"

"பாதியில விட்ட டெஸ்ட். அத எண்ண முடியாது."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். மயக்க மருந்து டாக்டரிடம் என்னையே வந்து சொல்லச் சொன்னாள். அந்த டாக்டர் கேட்டுவிட்டு, ஸ்கேன் எடுத்துவிடலாம், உங்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வியாவது குறையும் என்றார். ஆராய்ச்சியின் ஒப்பீட்டிலிருந்து அப்பாவை எடுத்துவிடுவார்கள் என்றும், மூன்றாம் மாதச் சோதனைக்கு விரும்பினால் வரலாம் என்றும் சொன்னார். ஸ்கேனில் பக்கவாதம் எதுவும் இல்லை. ஆனால் யோசனை மந்தமானால் அது ஸ்கேனில் தெரியாது, அதையும் அவரே சொன்னார்.

வீட்டுக்கு வந்தோம். அந்த மூன்று மாதமும் நான் அப்பாவை ஒரு கேள்வித்தாளைப்போல் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாயை மூடினாரா, நிலாவின் ஆசிரியர் பெயரைச் சொன்னாரா. ஒருநாள் சொல்வார், ஒருநாள் தேடுவார். முன்பும் தேடினாரா? எனக்கு நினைவில்லை. முன்பு நான் கவனித்ததே இல்லை. நிலாவுக்காக மாதக் கட்டண வேன் வைத்திருந்தோம். அவள் தினமும், தாத்தா எப்போது வருவார் என்று கேட்டாள். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன், வாய்விட்டுக் கேட்காமல்.

மூன்றாம் மாதம் கலாவின் அறைக்குப் போனோம். இந்த முறை நான் வெளியே உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து கலா, "எட்டு," என்றாள். அவருடைய வயதுக்கு அது நல்ல எண்ணிக்கைதான் என்றாள். டாக்டரும் கார் ஓட்ட ஆரம்பிக்கலாம் என்றிருந்தார்.

கார் நிறுத்தத்துக்கு வரும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நிலாவை நீங்களே அழைத்து வரலாம் என்றேன். அப்பா காரில் ஏறினார், ஓட்டுநர் இருக்கையில் இல்லை, பக்கத்தில். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது. அந்த டியூஷனைப் பற்றி, மார்க் குறைந்தால் அறுவை நின்றுவிடும் என்று நான் பயந்ததைப் பற்றி, அதனால் இப்போது யாருக்கும் எதுவும் நிச்சயமாகத் தெரியாமல் போனதைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லுச்சேம்மா, மார்க்குக்கும் ஆப்பரேசனுக்கும் சம்பந்தம் இல்லைன்னு," என்றார். "நீ போன்ல இருந்த. நிலாவுக்குக் காய்ச்சல்."

"அப்ப ஏம்ப்பா படிச்சீங்க?"

"நீ சொல்லிக் குடுத்தியே."

நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப்பையில் கையை விட்டுக் காரின் இன்னொரு சாவியை எடுத்தார். அதை என் மடியில் வைத்தார்.

"போன வாரம் ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன். உங்கம்மாவுக்குத் தெரியாது. நம்ம ரவுண்டபவுட்ல நொழைஞ்சிட்டேன். எந்தப் பக்கம் வெளிய வரணும்னு தெரியலை. ரெண்டு சுத்து சுத்தினேன். மூணாவது சுத்துலதான் ஞாபகம் வந்துச்சு."

"ஒரு தடவதானேப்பா. பதட்டமா இருந்திருக்கும்."

"இருக்கலாம். எட்டும் வந்துச்சுதான். ஆனா பின்னால நிலா உக்காந்திருந்தா?" என் மடியிலிருந்த சாவியைக் காட்டினார். "சாவிய நீ வெச்சுக்க. எப்ப வேணும்னு நான் சொல்றேன்."

சாவியை அவர் இன்னும் கேட்கவில்லை. இப்போது மதியங்களில் அப்பாவும் அம்மாவும் நடந்தே போய் நிலாவை அழைத்து வருகிறார்கள். இருபது நிமிட நடை. இதயத்துக்கும் நல்லது என்கிறார் டாக்டர். பக்கத்து மேசைக்காரிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எந்தச் சோதனைக்கும் முன்னால் அவரைத் தயார் செய்யாதே. பிறகு அவரிடமே கேள். எண்ணிக்கையில் வராதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

சோதனை முடிந்த அன்று வீடு வரை நான்தான் ஓட்டினேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வழி. ஆனாலும் மருத்துவமனை வாசலைத் தாண்டியதும், எப்படிப் போகலாம் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது என்றார், நேரே என்றார், அந்த லாரிக்குப் பின்னால் போகாதே என்றார். மாசாய்க்கு முன்னால் ஒரு முனையில் அவர் குரல் வரவில்லை. நான் சிக்னல் போடாமல் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். மறுபடியும் அடித்தான். அப்பா கண்ணாடி வழியாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

"லெஃப்ட்டும்மா," என்றார்.

லெஃப்ட்தான்.